துணைமின் நிலைய வேலையும் புற்றுநோய் அச்சமும்

கேள்வி: ஆரல்வாய்மொழி அருகே காற்றாலை மின்சாரம் வந்து சேரும் துணைமின் நிலையத்தில் என் கணவர் 14 ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். யார்டில் (மின்மாற்றிகள் நிற்கும் திறந்தவெளியில்) நிற்கும்போது கையில் ரோமம் சிலிர்க்கும் என்பார். உடன் வேலை பார்த்தவர் ரத்தப் புற்றுநோயால் இறந்துவிட்டார். இவருக்கும் வருமா? வேலையை விடச் சொல்லட்டுமா?

பதில்: சகோதரி, வேலையை விட வேண்டியதில்லை. ரத்தப் புற்றுநோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இன்னதுதான் காரணம் என்று காட்ட முடிவதில்லை. அந்த நண்பரின் மரணத்துக்கு யார்டின்மேல் பழிபோட என்னிடம் ஆதாரம் இல்லை.

ரோமம் சிலிர்ப்பது மின்புலத்தால். அது பெரும்பாலும் உடலின் மேற்பரப்போடு நின்றுவிடும். புற்றுநோய் தொடர்பாக அதிகம் ஆராயப்பட்டது காந்தப்புலம். கம்பியில் மின்னோட்டம் பாயும்போது உண்டாகும் இது உடலையும் சுவரையும் ஊடுருவும் என்றாலும், சில அடி விலகினாலே வேகமாகக் குறைந்துவிடும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் புலத்துக்கு மரபணு இழையை அறுக்கும் ஆற்றல் கிடையாது. மணவாளக்குறிச்சித் தாதுமணலில் உள்ள தோரியத்தின் கதிர்வீச்சுக்கு அந்த ஆற்றல் உண்டு. இரண்டையும் 'கதிர்வீச்சு' என்ற ஒரே சொல்லால் குறிப்பதால்தான் நம் மாவட்டத்தில் இந்த அச்சம் இவ்வளவு வேரூன்றியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2002இல் இந்தக் காந்தப்புலத்தை '2பி', அதாவது 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் வைத்தது உண்மை. ஆனால் கற்றாழை முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. புகையிலையோ, ஐயத்துக்கே இடமில்லாத முதல் பிரிவில். 2பி முடிவுக்கு அடிப்படை, வீட்டில் சராசரியாக 0.3 அல்லது 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) மேல் புலம் இருந்த குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகத் தெரிந்ததுதான். அதற்கும் காந்தப்புலம்தான் காரணம் என்று நிறுவப்படவில்லை. மின் ஊழியர்களிடம் நடந்த ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை: சிலவற்றில் சிறு கூடுதல் தெரிந்தது, வேறு சிலவற்றில் தெரியவில்லை. ஊழியர்களுக்கான 1000 மைக்ரோடெஸ்லா என்ற பன்னாட்டு வரம்பு நரம்பு தூண்டப்படுவதைத் தடுக்க வகுத்தது, புற்றுநோயைக் கணக்கிட்டு வகுத்ததல்ல என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே ஓய்வு நேரத்தில் மின்மாற்றிக்கும் தடித்த கேபிள்களுக்கும் பக்கத்தில் உட்காராமல் கன்ட்ரோல் ரூமில் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். காந்தப்புலத்தை அளந்து காட்டும்படி மேலதிகாரியிடம் எழுதிக் கேட்கவும் செய்யலாம். வெற்றிலையோடு புகையிலை போடும் வழக்கம் இருந்தால் அதை இன்றே நிறுத்தட்டும். அவருடைய வேலையைவிட அதற்குத்தான் நான் அஞ்சுகிறேன். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, ஈறில் ரத்தக் கசிவு, தோலில் சிவப்புப் புள்ளிகள், கழுத்தில் கட்டி ஆகியவற்றில் எது தெரிந்தாலும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கைப் பரிசோதனையைத் தாமதிக்காமல் செய்துகொள்ளச் சொல்லுங்கள்.