புதிதாக மாற்றிய முன்கண்ணாடியில் கோடுகள்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன், கல் பட்டு விரிசல் விட்ட என் காரின் முன்கண்ணாடியைத் திருச்சியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் 9,500 ரூபாய் கொடுத்து மாற்றினேன். இரவில் எதிர் வண்டியின் வெளிச்சம் பட்டால் கோடு கோடாக, அலை அலையாகத் தெரிகிறது. இரண்டாவது வாரமே வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன். வைப்பர் ரப்பரை மாற்றச் சொன்னார்கள். மாற்றியும் சரியாகவில்லை. பில்லில் ‘கண்ணாடிக்கு வாரண்டி இல்லை’ என்று அச்சிட்டிருக்கிறது. வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் அதற்கு முன், கோடுகள் எங்கே இருக்கின்றன என்று பகலில் நிதானமாகப் பாருங்கள். வைப்பர் ஓடும் வளைவுக்குள் மட்டும் கீறல் இருந்தால், அது தேய்ந்த ரப்பரும் மணலும் செய்த வேலை என்று எதிர்த்தரப்பு சுலபமாகச் சொல்லிவிடும். வைப்பர் தொடாத ஓரங்களிலும் அலை தெரிகிறதா? ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து தலையை மெல்ல அசைத்தால், எதிரே நிற்கும் மின்கம்பம் நெளிகிறதா? அப்படியானால் குறை கண்ணாடியில் இருக்கவே வாய்ப்பு அதிகம். உங்கள் வழக்கே இதை நம்பித்தான் நிற்கும். வேறொரு கண்ணாடிக் கடையில் காட்டி, அவர்கள் கருத்தை எழுத்தில் வாங்குங்கள். கண்ணாடியின் வகையைக் காட்டும், அதன் மூலையில் உள்ள முத்திரையையும் படம் எடுங்கள். முன்கண்ணாடி லேமினேட்டட் (நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய) பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும், 70 சதவீத வெளிச்சமாவது அதன் வழியே வர வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-வது விதி.

‘வாரண்டி இல்லை’ என்ற வரியைக் கண்டு தயங்காதீர்கள். குறையுள்ள பொருளை விற்றவரின் பொறுப்பு அந்த ஒரு வரியால் போய்விடாது. பில்லில் காலக்கெடு எதுவும் இல்லாதபோது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நேர்மையற்ற வணிக முறை என்கிறது. நீங்கள் இரண்டாவது வாரமே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இங்கேதான் கைகொடுக்கும். அதை அழித்துவிடாதீர்கள்.

முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து ஒர்க்‌ஷாப்புக்கு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம். பல பிரச்சினைகள் அங்கேயே பேசித் தீர்ந்துவிடும். இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். தேவைப்பட்டால் ஆணையமே கண்ணாடியைப் பரிசோதிக்க உத்தரவிடும்.

அப்புறம், ‘புதிதாகக் கல் பட்டது’ என்று இன்ஷூரன்ஸில் கேட்டுப்பார் என யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம், அது பொய்க் கோரிக்கை. இருக்கிற நல்ல வழக்கும் அதனால் கெட்டுப்போகும்.

இன்னொன்று: அவசரப்பட்டுக் கண்ணாடியைக் கழற்றாதீர்கள். கழற்றும்போது உடைந்தால் சாட்சியம் போய்விடும். எழுத்துபூர்வக் கருத்தும் படங்களும் கையில் வந்த பிறகு மாற்றுங்கள், பழைய கண்ணாடியைப் பத்திரமாக வையுங்கள். அதுவரை தயவுசெய்து அந்தக் காரை இரவில் எடுக்காதீர்கள்.