போய்ப் படுத்துக்கொள்

அன்புள்ள அண்ணனுக்கு,

தோத்திரம். கோவையில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் மூத்த வகுப்பை நான்கு வருடமாக எடுக்கிறேன். 14 முதல் 17 வயது வரை 12 பேர். மே மாத வாலிபர் முகாமில் கடைசி இரவு ஏழு பேர் எழுந்து நின்று ஊழியத்துக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தார்கள். நான் அழுதுவிட்டேன். இப்போது அந்தப் பேச்சை எடுத்தாலே நழுவுகிறார்கள். சரி, அன்றாடம் கிடைக்கிற ஆசீர்வாதத்தையாவது எழுதட்டும் என்று ஆளுக்கொரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். 'நல்ல மார்க்', 'புது போன்', 'பிரியாணி' என்று எழுதுகிறார்கள். ஒரு பையன் (வீடுகளுக்குப் பால் பாக்கெட் போட்டுவிட்டு வருவதால் எப்போதும் தாமதம்) ஏழு நாளுக்கும் 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தான். தேவ அழைப்பையும் ஆசீர்வாதங்களையும் இவர்களுக்கு எப்படி அடையாளம் காட்டுவது? செல்போன்தான் காரணமா? நல்ல புத்தகம் ஏதாவது சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

செல்போனை விடுங்கள். என் காலத்தில் டிவியைச் சொன்னார்கள், அதற்கு முன்னால் சினிமாக் கொட்டகையைச் சொன்னார்கள். புத்தகமும் வேண்டாம், வாங்கினால் நீங்கள்தான் படிப்பீர்கள். பிரியாணிக்கு ஏன் வருத்தப்பட்டீர்கள் என்றுதான் தெரியவில்லை. 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை' என்று வாராவாரம் சேர்ந்து சொல்கிறோம். கிடைத்த ஆகாரத்தை ஒருவன் எழுதினால் குற்றமா?

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத ஒரு காரணம் உண்டு. இரண்டு வாரமாக வேதத்தில் 1 சாமுவேல் 3-ஆம் அதிகாரத்திலேயே கிடக்கிறேன். யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் கணக்குப்படி சாமுவேலுக்கு அப்போது வயது 12. உங்கள் பிள்ளைகளைவிடச் சின்னவன். நடுராத்திரியில் யாரோ கூப்பிடுகிறார்கள். கண் மங்கிப்போன கிழவர், ஆலயத்தின் ஆசாரியர் ஏலிதான் கூப்பிடுகிறார் என்று எழுந்து ஓடுகிறான். 'இதோ, இருக்கிறேன், என்னைக் கூப்பிட்டீரே.' மூன்று தடவை. இரண்டாம் தடவையாவது சலித்துக்கொண்டிருக்கலாம், இல்லையா? கர்த்தரின் குரல் இன்னதென்று அவனுக்குத் தெரியாது, வேதமே அப்படிச் சொல்கிறது. கிழவர் கூப்பிட்டால் எழுந்து போக வேண்டும் என்று மட்டும் தெரியும்.

எனக்கு 15 வயதில் இந்த அதிகாரம் மனப்பாடம். எங்கள் சேகரத்தில் வசன ஒப்புவித்தல் போட்டி. தார்சாவில் ஆச்சி படுத்திருப்பாள், இரண்டு கண்ணிலும் புரை. பக்கத்திலேயே உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிப்பேன். போட்டிக்கு முந்தின வாரம் ஒரு ராத்திரி, 'ஏல, கொஞ்சம் தண்ணி தால' என்று கூப்பிட்டாள். போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டேன். மறுபடியும் கூப்பிட்டாள். மூன்றாவது தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டாள். மூச்சை நிதானமாக விட்டுத் தூங்குகிறவன்போல் கிடந்தேன். அப்புறம் அவளே எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். சொம்பு உருளும் சத்தம் கேட்டது. காலையில் அம்மாவிடம், 'புள்ள படிச்ச அலுப்புல தூங்கிட்டான்' என்றாள்.

போட்டியில் எனக்கு முதல் பரிசு. எவர்சில்வர் டம்ளர். சாகிறவரைக்கும் ஆச்சி அதில்தான் தண்ணீர் குடித்தாள். 'பேரன் வசனம் சொல்லி வாங்கியது' என்று வருகிறவர்களிடமெல்லாம் தடவித் தடவிக் காட்டுவாள்.

அதே வருடம் முகாமின் கடைசி இரவில் நானும் எழுந்து நின்றேன். பக்கத்திலிருந்தவன் நின்றான், நானும் நின்றேன். பேரை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அந்த நோட்டுக்குப் பயந்து பல வருடம் போதகரைக் கண்டால் வேறு தெருவில் போவேன். உங்கள் பிள்ளைகள் ஏன் நழுவுகிறார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

இனிமேல் கொஞ்சம் திட்டப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைக் கண்டிக்காத தகப்பன் என்று நாம் ஓரங்கட்டிய ஏலியிடம் நம் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் எல்லாரும் பாடம் படிக்க வேண்டும். பையன் ஓடிவந்ததும் முதலில் என்ன சொன்னார்? 'நான் கூப்பிடவில்லை.' நாம் என்ன செய்கிறோம்? விளக்கை அணைத்து, கீபோர்டை மெல்ல வாசிக்கவிட்டு, மைக்கில் நாமே கூப்பிடுகிறோம். பிள்ளைகள் எழுந்து வந்ததும் கர்த்தர் கூப்பிட்டார் என்று சொல்லிவிடுகிறோம். ஏலி, 'போய்ப் படுத்துக்கொள்' என்றார். மூன்றாம் தடவை விஷயம் புரிந்த பிறகும் அதையேதான் சொன்னார், கூடவே பதில் சொல்ல ஒரு வரி கற்றுக்கொடுத்தார். சபையைக் கூட்டவில்லை, சாட்சி சொல்ல வைக்கவில்லை. விடிந்ததும் பையன் ஆலயத்தின் கதவுகளைத் திறக்கிறான், எப்போதும் செய்கிற வேலை. அதன் பிறகுதான் ஏலி அவனைக் கூப்பிட்டு, ஒன்றையும் மறைக்காதே என்று கேட்கிறார். வந்த செய்தியோ அவர் குடும்பத்துக்கே தண்டனை. 'அவர் கர்த்தர்' என்று வாங்கிக்கொண்டார். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, 'டீச்சர், அன்று ராத்திரி எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, நீங்கள் அழுததால் நின்றேன்' என்று சொன்னால் கேட்டுக்கொள்வீர்களா? அப்படிக் கேட்டுக்கொள்ளும் ஆளிடம்தான் பிள்ளைகள் அழைப்பைப் பற்றிப் பேசும்.

முகாமில் வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் கதையைச் சொல்லாமல் விட்டிருக்கமாட்டார்கள். 1890-ல் திண்டிவனத்துக்கு அவர் வந்தது ஊழியத்துக்கு அல்ல, உடம்புக்கு முடியாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள. இங்கே தங்கும் எண்ணமே கிடையாது. ஒரே இரவில் மூன்று பேர் தனித்தனியாகக் கதவைத் தட்டுகிறார்கள். பிரசவ வேதனையில் மனைவி, வந்து பாருங்கள் அம்மா. அப்பாதான் டாக்டர், ஆனால் ஆண் டாக்டர் தொடக் கூடாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். கதையை இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, யார் எழுந்து நிற்கிறீர்கள் என்று கேட்டுவிடுவது நம் வழக்கம். அன்று ஐடாவின் காதில் விழுந்தது மூன்று கணவன்மாரின் குரல். எழுந்து போனாலும் பிரசவம் பார்க்கத் தெரிந்திருக்காது. திரும்பிப் போய், மருத்துவம் படித்து, 1899-ல் பட்டம் வாங்கி, 1900-ல்தான் வந்தார். வேலூர் ஆஸ்பத்திரி அதற்கப்புறம். நடுவில் உடற்கூறு படித்த ராத்திரிகளைப் பற்றி எந்த முகாமிலும் நான் கேட்டதில்லை.

அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். அவனை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். பால் பாக்கெட் போடுகிறவன் நாலு, நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும். ஆராதனைக்கு முன்னால் எத்தனை வீட்டில் அவன் போட்ட பாலில் காபி போடுகிறார்களோ, உங்கள் வீட்டிலும்கூட இருக்கலாம். அந்தக் காபியை யாராவது நோட்டில் எழுதியிருக்கிறார்களா? மற்ற பிள்ளைகள் நோட்டை நிரப்பினார்கள், இவன் உங்களிடம் உண்மையைச் சொன்னான். ஏன் 'ஒன்றுமில்லை' என்று கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. ஸ்தோத்திரம் சொல்வதை வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிட்டு, வெறும் பக்கத்தைப் பார்த்துக் கலங்குகிறீர்கள்.

வகுப்பை அரைமணி நேரம் தள்ளி வைக்க முடியுமா பாருங்கள். முடியாதென்றால் ஒருநாள் விடிகாலை அவனோடு ஒரு தெருவுக்காவது பால் போட்டுவிட்டு வாருங்கள். நோட்டை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.