வீணைப் பெட்டிக்குப் பெரிய சக்கரம் போடலாமா?

கேள்வி: வீணையை ஃபைபர் பெட்டியில் வைத்து மாதம் இரண்டு முறை ரயிலில் சென்னைக்குக் கொண்டுபோகிறேன். பெட்டியோடு வந்த குட்டிச் சக்கரங்கள் பிளாட்பாரத்தில் கடகடவென்று அதிர்கின்றன. ஒன்று சுற்றுவதே இல்லை. பெரிய சக்கரம் மாட்டலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: தாராளமாக மாட்டலாம். மாட்டியே ஆக வேண்டும் என்றுகூடச் சொல்வேன். வீணையின் 24 மெட்டுகளும் (தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோகக் கட்டைகள்) மெழுகின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. வெயிலில் மெழுகு இளகியிருக்கும் நேரத்தில் இப்படி அதிர்ந்தால், பொறுமையாக மேளம் கட்டிக் கொடுத்தவரின் (மெட்டுகளைச் சுருதி பார்த்து மெழுகில் பதித்தவரின்) உழைப்பெல்லாம் வீண். ஒரு மெட்டு மயிரிழை நகர்ந்தாலே ஸ்வரம் பிசகிவிடும்.

சுற்றாத சக்கரத்தை முதலில் கவிழ்த்துப் பாருங்கள். என் மகளின் பெட்டியில் அச்சைச் சுற்றி முடியும் நூலும் கயிறுபோல் இறுகியிருந்தன, பிளேடால் அறுத்து அறுத்துத்தான் எடுத்தேன், அதற்குள் தரையில் உரசி உரசிச் சக்கரத்தின் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. உங்களுடையதும் அப்படித் தேய்ந்திருந்தால் எண்ணெய் விட்டுப் பயனில்லை.

புதிதாக வாங்குவது 75 அல்லது 80 மி.மீ. விட்டமுள்ள பி.யூ. (பாலியூரிதேன்) வீலாக இருக்கட்டும். ஸ்கேட்டிங் ஷூவின் சக்கரமே போதும். அதற்குள் இருக்கும் 608 என்ற அளவு பேரிங்குக்கு 8 மி.மீ. போல்ட் அச்சாகப் பொருந்தும். சக்கரம் பெரிதாக இருந்தால் டைல்ஸ் இடுக்கில் விழாமல் ஏறிப் போகும், பி.யூ. அதிர்வைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். எல்லாப் பக்கமும் திரும்பும் வகைச் சக்கரம் வேண்டாம், ஆடும்.

பொருத்துவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வெறும் ரிவெட் அடித்தால் அந்த ஓட்டையைச் சுற்றி ஃபைபர் விரிசல் விடும். பழைய ரிவெட்டைத் துளைத்து எடுத்துவிட்டு, உள்பக்கம் 3 மி.மீ. அலுமினியப் பட்டை வைத்து, 6 மி.மீ. போல்ட்டை உள்ளிருந்து வெளியே விட்டு, அகலமான வாஷரும் நைலாக் நட்டும் (அதிர்வில் தளராதபடி உள்ளே நைலான் வளையம் உள்ளது) போட்டு முடுக்குங்கள். உள்ளே தெரியும் போல்ட் தலை வீணையில் இடிக்காதபடி ஃபோம் ஒட்டிவிடுங்கள். துளைக்கும்போது வீணை பெட்டிக்குள் இருக்கவே கூடாது, ஃபைபர் தூள் மூக்கில் ஏறாமல் மாஸ்க்கும் வேண்டும்.

சக்கரம் வீணையின் உருண்டையான குடம் இருக்கும் பக்கம் வரட்டும், கனமெல்லாம் அங்கேதான். மறுமுனையில், யாளித் தலை இருக்கும் பக்கக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் கைக்குப் பாரமே தெரியாது. படிக்கட்டு வந்தால் மட்டும் இழுக்காதீர்கள், இன்னொருவரைக் கூப்பிட்டுத் தூக்குங்கள்.

அப்புறம், வேலை முடிந்ததும் 10 கிலோ அரிசிப் பையைப் பெட்டிக்குள் வைத்துத் தெருவில் நாலு சுற்று இழுத்துவிட்டு நட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். எதுவும் தளரவில்லை என்றால் வீணையை வைக்கலாம்.