மிச்ச நூலில் கைபோன போக்கில் நெய்யலாமா?

கேள்வி: குரோஷே போட்டு மிஞ்சிய நூல்கண்டுகள் ஒரு கட்டைப்பை நிறைய இருக்கின்றன. காட்டன், கம்பளி, அக்ரிலிக் எல்லாம் கலப்படம். 8 அங்குல அகலத்தில் சின்ன மேஜைத் தறி வாங்கியிருக்கிறேன். டிசைன் எதுவும் வரையாமல் நெய்தால் துணி உருப்படியாக வருமா?

பதில்: வரும். பாவு நூலை, அதாவது தறியில் நீளவாட்டில் கட்டும் இழைகளை மட்டும் கட்டுக்கோப்பாகப் போட்டுவிடுங்கள். விளையாட்டையெல்லாம் குறுக்கே ஓட்டும் ஊடை நூலில் வைத்துக்கொள்ளலாம்.

பாவு நூல் நாள் முழுக்க இழுபடும், ஊடையை அடித்து நெருக்கும் சீப்பு போன்ற அச்சில் உரசும். எனவே அதற்கு ஒரே ரகக் காட்டன் நூல் போதும். எந்த நூல் தாங்கும் என்று தெரியாவிட்டால் ஒரு முழம் எடுத்து இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுங்கள். பஞ்சு பஞ்சாகப் பிரிந்துவந்தால் அது ஊடைக்குத்தான். அங்குலத்துக்கு 10 இழை என்றால் உங்கள் தறிக்கு 80 இழை. ஒன்றரை மீட்டர் ஸ்கார்ஃபுக்கு, தறியில் வீணாகும் நுனிகளையும் சேர்த்து, பாவு 2.2 மீட்டர் வேண்டும். மொத்தம் சுமார் 180 மீட்டர். நடுத்தரப் பருமன் நூலென்றால் ஊடைக்கு 150 மீட்டர் வரை ஆகும்.

இனி பைக்குள் கையை விடுங்கள். காவி நூல் பாதி வரியில் தீர்ந்துபோகிறதா? தீரட்டும். பாவு இழைகளுக்கு நடுவே உள்ள அதே திறப்பில், காவி நுனியின்மேல் ஓர் அங்குலம் ஏறும்படி மஞ்சளை வைத்து ஓட்டுங்கள், முடிச்சே வேண்டாம். காவி நின்ற இடம் துணிக்கு நடுவே ஒரு சின்ன நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். யோசித்து வைத்தால் அந்த அழகு வராது. பழைய புடவைக் கிழிசலைக்கூட இடையில் ஒரு வரி விடலாம்.

எல்லோருக்கும் வரும் தொல்லை, கரை உள்ளே இழுத்துக்கொள்வது. ஊடையை நேராக இழுக்காமல் வில்லாக வளைத்துப் போட்டு, அப்புறம் அச்சால் அடியுங்கள்.

பாவு இழை அறுந்தால் பதற வேண்டாம். ஜப்பானில் மிசாவோ ஜோ (1913–2018) ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் தறியில் உட்கார்ந்தார். அவர் நெய்த ஒபியில், அதாவது கிமோனோவின் இடுப்புக் கச்சையில், ஒரு பாவு இழை விட்டுப்போயிருந்தது. தொழில் தெரிந்தவர் அதைப் பழுது என்று ஒதுக்கினார். அந்த இடைவெளியே அழகாக இருக்கிறதே என்று பட்டது ஜோவுக்கு. வேண்டுமென்றே இழைகளை விட்டு நெய்ய ஆரம்பித்தார். 'சாவோரி' நெசவு அப்படித்தான் பிறந்தது. நீங்களும் ஓர் இழையை விட்டுவிடலாம். நாலைந்து போனால் மட்டும் புது இழை கட்டுங்கள்.

கடைசியாக, துவைப்பு. சிவப்பு, கருநீலக் காட்டனை நெய்வதற்கு முன்பே ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துச் சாயம் பாருங்கள். வெந்நீரில் கசக்கினால் கம்பளி சுருங்கும், அக்ரிலிக் சுருங்காது. துணி அங்கங்கே பொம்மிக்கொள்ளும். எனக்கு அந்தப் பொம்மல் பிடிக்கும். உங்களுக்குப் பிடிக்காது என்றால் பச்சைத் தண்ணீரில் முக்கி, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் விரித்துப்போடுங்கள்.