யாராலும் அசைக்க முடியாத ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியனை, யாரும் பொருட்படுத்தாத ஒருவர் வீழ்த்த முடியுமா?

முடியும். பலமுறை நடந்திருக்கிறது, இனியும் நடக்கும். ஆனால், "அந்த எடையில் ஒரு குத்து சரியாக விழுந்தால் போதும், யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம்" என்று பலரும் சொல்லும் காரணத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஹெவிவெயிட் என்பது 200 பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 91 கிலோவுக்கு மேற்பட்டவர்களின் பிரிவு. அதற்கு மேல் வரம்பே கிடையாது. அந்த உடம்பிலிருந்து வரும் குத்து எவரையும் சாய்க்கும் என்பது உண்மைதான். அது மட்டுமே காரணம் என்றால் சாம்பியன் பட்டம் அடிக்கடி கைமாறிக்கொண்டே இருந்திருக்க வேண்டுமே? ஜோ லூயிஸ் 1937 முதல் 1949 வரை பட்டத்தை வைத்திருந்தார். 25 முறை அதைக் காப்பாற்றினார். அவரை எதிர்த்து நின்றவர்களுக்கும் கை இருந்தது, பலம் இருந்தது.

என் கருத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றுசேர வேண்டும். எதிராளியிடம் சாம்பியனுக்கு ஒத்துவராத ஓர் ஆயுதம் இருக்க வேண்டும். சாம்பியனின் பயிற்சி எங்கோ தளர்ந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் சாம்பியன் தப்பித்துவிடுவார்.

1990 பிப்ரவரி 11, டோக்கியோ. சாம்பியன் மைக் டைசன் 37 போட்டிகளில் 37-ஐயும் வென்றவர்; அவற்றில் 33 நாக்அவுட். எதிரில் பஸ்டர் டக்ளஸ். லாஸ் வேகஸில் பந்தயம் ஏற்ற சூதாட்ட விடுதி டக்ளஸுக்குக் கொடுத்த விகிதம் 42-க்கு 1; அதாவது அவர் மீது ஒரு டாலர் கட்டி, அவர் ஜெயித்தால் 42 டாலர் லாபம். போட்டிக்கு மூன்று வாரத்துக்கு முன்புதான் டக்ளஸின் தாயார் இறந்திருந்தார். அந்தத் துக்கம்தான் அவரை ஜெயிக்க வைத்தது என்று எங்கும் எழுதுகிறார்கள். தாயை இழந்தவனின் வைராக்கியத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் வைராக்கியம் ஒருவனை விடியற்காலையில் எழுப்பி ஓட வைக்கும். ரிங்குக்குள் டைசனைத் தள்ளி நிறுத்தியது அவருடைய இடது கை. டக்ளஸின் கைவீச்சு 83 அங்குலம், டைசனுடையது 71 அங்குலம். ஓர் அடி வித்தியாசம். அந்த நீண்ட இடது கையால் ஜாப் மேல் ஜாப் (நேராக நீட்டிப் போடும் வேகமான குத்து) போட்டு, டைசன் உள்ளே நுழையும் போதெல்லாம் வலது கையை அதன் பின்னால் அனுப்பினார்.

நீளமான கை உடையவர்களை டைசன் அதற்கு முன் பார்க்காதவரா? பார்த்தவர்தான், அடித்தவரும்தான். அப்போதெல்லாம் அவர் தலை ஓரிடத்தில் நிற்காது. அந்தத் தலையசைவை அவருக்குள் ஊற வைத்த பயிற்சியாளர்களில் கஸ் டமாட்டோ 1985-ல் இறந்துவிட்டார். கெவின் ரூனியை 1988-ல் டைசனே விலக்கிவிட்டார். எங்கள் தாமிரபரணிக் கரையில் வாழை வைத்தவர்களுக்குத் தெரியும், குலை தள்ளிய மரத்துக்கு முட்டுக் கொடுக்காவிட்டால் சாதாரணக் காற்றே போதும். டோக்கியோவில் பயிற்சியின்போதே கிரெக் பேஜ் என்ற சக வீரர் டைசனைக் கீழே தள்ளியிருந்தார். போட்டி நடுவே கண் வீங்கியபோது, வீக்கத்தை அமுக்குவதற்கான குளிர்ந்த இரும்புகூட, ரவுண்டுகளுக்கு இடையே அவர் உட்காரும் மூலையில் இல்லை. ரப்பர் கையுறையில் பனிநீரை நிரப்பி ஒற்றினார்கள். உலக சாம்பியனின் மூலையில்! இதை எப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது, அவருக்காக.

அப்படியும் எட்டாவது ரவுண்டில் டைசன், கீழிருந்து மேலாகப் போடும் ஓர் அப்பர்கட் குத்தில் டக்ளஸைச் சாய்த்தார். டக்ளஸ் எழுந்தார். பத்தாவது ரவுண்டில் அவர் போட்ட அப்பர்கட்டும், தொடர்ந்து வந்த குத்துகளும் டைசனைத் தரையில் போட்டன. கீழே விழுந்த பல் காப்பைக் கையால் தடவித் தேடி எடுத்து, அதன் ஒரு முனையை மட்டும் வாயில் கவ்விக்கொண்டு எழ முயன்றார் டைசன். நடுவர் அவரை அணைத்துப் பிடித்துப் போட்டியை முடித்தார்.

2001-ல் சாம்பியன் லெனாக்ஸ் லூயிஸ் தோற்றதையும் பலர் அதிர்ஷ்டக் குத்து என்கிறார்கள். போட்டி தென்னாப்பிரிக்காவில், கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடிக்கு மேலான இடத்தில். ஹசிம் ரஹ்மான் வாரக்கணக்கில் முன்பே வந்து அந்த மெல்லிய காற்றுக்கு உடம்பைப் பழக்கினார். லூயிஸ் ஒரு ஹாலிவுட் படத்தில் முகம் காட்டிவிட்டுத் தாமதமாக வந்தார். ஐந்தாவது ரவுண்டில் மூச்சு வாங்கிக்கொண்டு கயிற்றோரம் நின்றவர் மீதுதான் அந்த வலது கை விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஒழுங்காகத் தயாராகி வந்து நான்காவது ரவுண்டில் ரஹ்மானைச் சாய்த்துப் பட்டத்தை மீட்டார்.

2019 ஜூன் முதல் தேதி நியூயார்க்கில் ஆண்டி ரூயிஸ் சாம்பியன் அந்தோனி ஜோஷுவாவை வீழ்த்தியதை, பாளையங்கோட்டையில் என் அக்கா மகன் பயிலும் குத்துச்சண்டைக் கூடத்தில் பையன்களோடு உட்கார்ந்து செல்போனில் பார்த்தேன். அவர்களுடைய மாஸ்டர் முடிவைச் சொல்லாமலே காணொளியை ஓடவிட்டார். மூன்றாவது ரவுண்டில் ரூயிஸ் விழுந்தவுடன், "முடிந்தது மாமா" என்றான் மருமகன். மாஸ்டர் அங்கேயே படத்தை நிறுத்தி, "இனி ஜோஷுவாவின் கையை மட்டும் பாருங்கள்" என்றார். விழுந்து எழுந்தவனை முடித்துவிடும் அவசரத்தில் ஜோஷுவா நெருங்கி வந்து மாறி மாறிக் குத்துகிறார். முகத்தைக் காக்க வேண்டிய கை இறங்குகிறது. அந்த இடைவெளியில் பக்கவாட்டில் வளைந்து வரும் ரூயிஸின் இடது ஹூக் நெற்றிப்பொட்டில் இறங்குகிறது. அதன் பிறகு ஜோஷுவாவின் கால் தரையில் நிலைக்கவே இல்லை. ஏழாவது ரவுண்டுக்குள் நான்கு முறை விழுந்தார். படம் முடிந்ததும் மாஸ்டர் கூடத்தின் குறுக்கே நெஞ்சளவு உயரத்தில் கயிறு கட்டினார். அன்று முழுவதும் பையன்களுக்கு ஒரே வேலை: குத்து, கையை உடனே கன்னத்துக்குக் கொண்டுவா, குனிந்து கயிற்றின் மறுபுறம் போ.

ரூயிஸின் தொப்பையைப் பார்த்துத்தான் உலகம் ஏமாந்தது. அவர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிய ஒருவருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் வந்தவர், உண்மை. ஆனால் சும்மா இருந்தவர் அல்ல. ஆறு வாரத்துக்கு முன்புதான் ஒரு போட்டியில் வென்றிருந்தார். அவ்வளவு கனத்த உடம்பில் அவ்வளவு வேகமான கைகளை நான் வேறு எவரிடமும் பார்த்ததில்லை.

ஆகவே, இன்னார் ஜெயிப்பாரா என்று என்னைக் கேட்டால், எதிராளியின் வீரவசனத்தைக் கேட்க மாட்டேன். சாம்பியன் யாரோடு பயிற்சி செய்கிறார், எத்தனை நாள் முன்பே ஊருக்கு வந்தார், எடை பார்க்கும் நாளில் உடம்பு எப்படி இருக்கிறது என்றுதான் பார்ப்பேன். சாம்பியன் ஒலெக்சாண்டர் உசிக் 2025 ஜூலையில் 38 வயதில் வெம்பிளியில் இறங்கினார். எதிரில், தன்னைவிட பத்து வயது இளையவரான, பலமாகக் குத்தக்கூடிய டேனியல் டுபுவா. ஐந்தாவது ரவுண்டில் உசிக் அவரைச் சாய்த்துவிட்டார். தளராத சாம்பியனிடம் பலம் மட்டும் கொண்டு போனால் கதை அப்படித்தான் முடியும்.

வீழ்த்தியவர்களும் இதே கணக்குக்குள் வந்துவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். டக்ளஸ் அதே ஆண்டு அக்டோபரில் கனத்துப்போன உடம்போடு வந்து, அடுத்த எதிராளியான ஹோலிஃபீல்டிடம் மூன்றாவது ரவுண்டில் விழுந்தார். ரூயிஸ் ஆறு மாதத்தில் ஏழு கிலோ கூடுதலாக, 283 பவுண்டில் வந்து ஜோஷுவாவிடம் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

நேரம் கிடைத்தால் டோக்கியோ போட்டியை முழுவதுமாகப் பாருங்கள். பத்தாவது ரவுண்டை மட்டும் வெட்டிப் போட்ட காணொளிகள் வேண்டாம். முதல் மணியிலிருந்து டக்ளஸின் இடது கையையும், நடு ரவுண்டுகளிலிருந்து டைசனின் இடது கண்ணையும் கவனித்துக்கொண்டே வாருங்கள்.