கோடை ஓட்டத்தில் பானம் குடித்தும் குமட்டல்: பதில்

கோடையில் ஓடும்போது டின் எனர்ஜி பானம் குடித்தும் பாதி வழியில் குமட்டலும் சோர்வும் வருகிறதே, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். ஓட்டத்தின் நடுவே அந்தப் பானத்தை நிறுத்திவிடுங்கள். வேலூர்க் கோட்டையைச் சுற்றி ஒன்றரை மணி நேரம் ஓடும் உங்களுக்கு, 100 மில்லிக்கு 6 முதல் 8 கிராம் கார்போஹைட்ரேட்டும் (சர்க்கரை போன்றவை) சிறிது சோடியமும் (உப்பில் உள்ளது) உள்ள விளையாட்டுப் பானமே பொருந்தும்.

பாதி ஓட்டத்தில் வரும் குமட்டலுக்கும் சோர்வுக்கும் பெரும்பாலும் காரணம் சர்க்கரையின் அடர்த்திதான். எனர்ஜி பானங்களில் அது 100 மில்லிக்கு ஏறக்குறைய 11 கிராம் இருப்பதால், இரைப்பையிலிருந்து நீர் மெதுவாகவே இறங்குகிறது. வயிறு நிறைந்திருக்க, உடல் வறண்டுகொண்டிருக்கும். கடையில் எனர்ஜி பானம், விளையாட்டுப் பானம் இரண்டையும் ஒரே தட்டில் அடுக்கி வைப்பதால் இந்தக் குழப்பம் பலருக்கும் நேர்கிறது.

ஓடுவதற்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் குடித்தது போதவில்லை. கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள், அதுவும் இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும் ஆபத்துதான். பனியன் காய்ந்தபின் வெள்ளைக் கோடுகள் படிந்தால் உப்பு மிகுதியாக வெளியேறுகிறது என்று கொள்ளலாம்.

வீட்டிலேயே செய்வதானால், ஒரு லிட்டர் நீரில் 60 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, அரை எலுமிச்சைச் சாறு போதும். 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒருமுறை சில மிடறுகள் குடியுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் மிதமான ஓட்டத்துக்கு வெறும் தண்ணீரே போதுமானது.

நீரிழிவு, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்க வேண்டாம். கத்திரி வெயில் நாட்களில் தலைசுற்றலோ மனக்குழப்பமோ வந்தால், எந்தப் பானத்தையும் நம்பி ஓட்டத்தைத் தொடராதீர்கள்.