முதல் ரோபோவுக்குச் சக்கரம் வேண்டுமா?

கேள்வி: என் மகன் தொடக்கநிலை 5 படிக்கிறான். பள்ளியில் 'கோட் ஃபார் ஃபன்' நிரலாக்க வகுப்பில் மைக்ரோபிட் என்ற குட்டிக் கணினிப் பலகையைப் பார்த்ததிலிருந்து ரோபோ கார் வேண்டும் என்று ஒரே நச்சரிப்பு. எனக்கு எலக்ட்ரானிக்ஸ் எதுவும் தெரியாது. முழு செட்டாகவே வாங்கிவிடலாமா?
– உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: இப்போதைக்கு வேண்டாங்க. செட்டில் வரும் காரைப் படம் பார்த்துத் திருகி முடிப்பான், இரண்டு நாள் கூடத்தில் ஓடும், அப்புறம் அலமாரிக்குப் போய்விடும். அது ஏன் திரும்பியது, ஏன் நின்றது என்று கேட்டால் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. மைக்ரோபிட் பலகை ஒன்று போதும். 25 குட்டி விளக்குகள், இரண்டு பொத்தான்கள், அசைவை அறியும் சென்சார் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. அதைக்கூட உடனே வாங்க வேண்டியதில்லை. மேக்கோட் என்ற நிரலாக்க இணையத்தளத்தில் கட்டளைக் கட்டங்களை இழுத்துப் போட்டால் திரையிலுள்ள மாதிரிப் பலகை அப்படியே இயங்கிக் காட்டும், செலவே இல்லை.

பலகை வந்ததும் வீட்டு வாசலில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டியில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். இரண்டு ஆணிகளை மண்ணில் குத்தி, கிளிப் வயரால் ஒன்றைப் பலகையின் ஓரத்திலுள்ள 3வி முனையோடும் மற்றதை 0 முனையோடும் இணைக்க வேண்டும். ஈர மண்ணில் மின்சாரம் எளிதாகப் பாயும், அதனால் பலகை படிக்கும் எண் உச்ச அளவான 1023ஐ நோக்கி ஏறும். மண் காயக் காய இறங்கும். எந்த எண்ணுக்குக் கீழே போனால் சோகமுகம் காட்டித் தண்ணீர் கேட்க வேண்டும் என்பதை நீங்களோ நானோ சொல்ல முடியாது, உங்கள் தொட்டிக்கு அவனே நாலு நாள் காலையும் மாலையும் குறித்து வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் பெரிதாக நினைப்பது அந்த நாலு நாளைத்தான்.

சரி, கார்? அப்புறம் செய்யட்டும். அப்போது ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: மோட்டாரைப் பலகையின் முனையில் நேராக இணைக்கவே கூடாது. முனை தாங்குவது சில மில்லியாம்ப் மின்சாரம்தான், சின்ன மோட்டாரே நூறுக்கு மேல் இழுக்கும், பலகை பழுதாகிவிடும். நடுவில் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு மோட்டார் டிரைவரும் தனி பேட்டரியும் வேண்டும். சிம் லிம் டவரில் உதிரியாகவே வாங்கலாம்.

கேள்வி: கட்டங்களை இழுப்பதெல்லாம் நிரலாக்கமா? பத்து வயது மகளுக்கு நேராக, வரி வரியாக நிரல் எழுதும் ஆர்டுயினோ பலகையை வாங்கித் தந்தால் என்ன?
– ஜூரோங் வாசகர்

பதில்: நிரலாக்கமேதான். மேக்கோட்டில் ஒரு பொத்தானைத் தட்டினால் அதே கட்டங்கள் பைத்தான் என்ற நிரல்மொழி வரிகளாக மாறித் தெரியும், காட்டிப் பாருங்கள். ஆர்டுயினோவில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனாலே நிரல் பலகைக்கு ஏறாது, அந்த வயதில் அதுவே சலிப்பாகிவிடும். கட்டங்கள் போதவில்லை என்று அவளே வந்து கேட்கட்டும், அன்றைக்கு வாங்கிக் கொடுங்கள்.